பதினேழாம் பக்கத்து மூன்றாம் விதியை மாற்றக் கோரி மாமனார் எழுதியது

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இருக்கவும் வேண்டும். இங்கே வீடு, தண்ணீர்க் குழாய், உங்கள் அத்தை எல்லாம் நலம். அத்தை கொஞ்சம் அதிகமாகவே நலம். நலமில்லாத ஆசாமி ஒருவர் இருக்கிறார், அவர் யார் என்பது போகப் போகத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய "நங்கூரம்" பெட்டி போன மாதக் கடைசியில் வந்து சேர்ந்தது. "மாமா, நம்ம வீட்டு ஞாயிற்றுக்கிழமை சீட்டாட்டத்தைத்தான் பலகை விளையாட்டா மாத்தியிருக்கேன். நீங்க நாலு பேரும் நாலு வாரம் ஆடிப் பாத்துட்டு குறை இருந்தா எழுதுங்க, இருபத்தஞ்சாம் தேதி அச்சுக்குப் போகுது" என்று நீங்கள் ஃபோனில் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முப்பத்து நாலு வருடம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராகக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவனிடம் கேட்டிருக்கிறீர்கள், சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். கைவசம் இப்போது மூன்று ஞாயிற்றுக்கிழமைகளின் குறைகள் இருக்கின்றன. நிதானமாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

முதலில் பெட்டி. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், இரண்டு கிலோ முந்நூற்று நாற்பது கிராம். பழைய சீட்டுக்கட்டு சட்டைப் பையில் அடங்கும். உங்கள் பெட்டிக்கு இடம் பண்ணத் தையல் மெஷினை வராந்தாவுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. உள்ளே நூற்று எண்பத்து நாலு உருப்படிகள் என்று பட்டியல் போட்டிருந்தீர்கள். எண்ணினேன், நூற்று எண்பத்து மூன்றுதான் இருந்தது. "ஒரு மரத்துண்டுதானே, ஆரம்பிங்க" என்றாள் உங்கள் அத்தை. ஒரு போல்ட்தானே என்று ஆரம்பித்து வைத்த லிஃப்டுகள் எங்கே போய் நின்றன என்று எனக்குத் தெரியும், ஆகையால் மறுபடி எண்ணினேன், பிறகு என் மைத்துனர் எண்ணினார், பிறகு பல் டாக்டர் எண்ணினார், மூன்று பேருக்கும் மூன்று விடை வந்தது, தேநீர் ஆறியது, கடைசியில் ஒரு நீலப் படகு என் சட்டைக் கை மடிப்பிலிருந்தே கீழே விழுந்தது. அதற்கு அவர்கள் மூவரும் என்னைப் பார்த்த பார்வையை நான் பட்டியலில் சேர்க்கவில்லை.

நம் ஆட்டக்காரர்களில் மாற்றமில்லை, உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான். நான், எனக்கு எதிரில் உங்கள் அத்தை. இடது பக்கம் அத்தையின் அண்ணன், அதாவது கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என் மைத்துனர். வலது பக்கம் மூன்றாம் மாடிப் பல் டாக்டர். நானும் அத்தையும் ஒரு ஜோடி, அவர்கள் இருவரும் ஒரு ஜோடி. முப்பத்தொரு வருடமாக இதே நாற்காலி, இதே ஜோடி. (மைத்துனர் என்னை இன்னும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார். ஆகவே இந்தக் கடிதத்தில் அவர் வாயில் வருகிற மாப்பிள்ளை நான், என் பேனாவில் வருகிற மாப்பிள்ளை நீங்கள். குழப்பிக்கொள்ள வேண்டாம், ஏற்கெனவே இருக்கிற குழப்பம் போதும்.)

முதல் ஞாயிறு முழுவதும் விதிப் புத்தகம் வாசித்தே கழிந்தது. இருபத்தெட்டுப் பக்கம், மாப்பிள்ளை. பழைய ஆட்டத்தின் விதியை நான் உங்களுக்கு ஒரு தம்ளர் தேநீர் ஆறுவதற்குள் சொல்லிக் கொடுத்தேன்: ஒருவர் சீட்டு இறக்குவார், அதே இனம் இருந்தால் மற்றவர்களும் அதையே இறக்க வேண்டும், பெரிய சீட்டு இறக்கியவருக்குப் பிடி, அந்த இனம் கையில் இல்லாவிட்டால் துருப்பால் வெட்டலாம். முடிந்தது. நீங்கள் இஸ்பேடை உப்பு ஆக்கி, ஆட்டினைத் துணி ஆக்கி, டைமனை எண்ணெய் ஆக்கி, கிளாவரை மரம் ஆக்கி, ராஜாவைத் துறைமுக அதிகாரி ஆக்கி, பிடிக்குச் சரக்கு என்றும் துருப்புக்குக் காற்று என்றும் பேர் வைத்திருக்கிறீர்கள். அதுவும் எழுத்து எறும்பு சைஸ். மைத்துனர் கடைக்கு ஓடிப்போய், கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடியைக் கொண்டு வந்து மாட்டிக்கொண்டு வாசிக்க, டாக்டர் குறிப்பெடுக்க, நான் ஒவ்வொரு விதியும் முன் விதியோடு முட்டுகிறதா என்று சரிபார்க்க, பதினோராம் பக்கத்தில் டாக்டருக்குப் பல்வலிக்காரர் ஒருவரிடமிருந்து ஃபோன் வந்து அவர் எழுந்து போய்விட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவர் வேலைக்குப் போய் நான் பார்த்ததில்லை.

இரண்டாம் ஞாயிறு பலகையை விரித்தோம். நம் மடக்கு மேசை எழுபத்தைந்து சென்டிமீட்டர், உங்கள் பலகை எண்பத்திரண்டு. உங்களுக்குத் தெரியாத மேசையா அது, அதில்தானே ஆறு மாதம் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள், அளந்திருக்க வேண்டாமா? இஸ்திரி போடும் பலகையைப் பக்கத்தில் சேர்த்துப் போட்டோம், அது மேசையைவிட அரை அங்குலம் உயரம், ஆகவே துறைமுகத்தின் வடக்குப் பகுதி மேடாகிவிட்டது, படகுகள் தாமாகவே தெற்கே வழுக்கிக்கொண்டு வந்தன. ஒன்று ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. டாக்டர் தரையில் குப்புறப் படுத்து, நோயாளியின் கடைவாய்ப் பல்லைப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, "தெரியுது சார், பின்னால ஒண்ணு நிறைய அழுக்கோட இருக்கு" என்று சொல்லி ஒரு கொக்கியால் வெளியே எடுத்தார். அழுக்கோடு வந்தது நாலு வருடத்துக்கு முன் காணாமல் போன என் பேனா மூடி.

அடுத்து காற்று. துருப்பு எந்த இனம் என்பதைக் காகித அம்பு ஒன்றைச் சுழற்றித் தீர்மானிக்க வேண்டும் என்கிறீர்கள், அழகான யோசனைதான், ஆனால் உங்கள் வீட்டில் ஃபேன் இல்லையா? இங்கே மேலே ஃபேன் ஓடுகிறது. உப்புத் துருப்பு என்று ஆரம்பித்து, நான் என் உப்பை எல்லாம் பத்திரமாகப் பிடித்து வைத்திருக்க, நாலாவது பிடியில் அம்பு தானாகத் திரும்பி எண்ணெயைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. எண்ணெய் நிறைய வைத்திருந்த மைத்துனர், "மாப்பிள்ளை, காத்து மாறிடுச்சு, நாம என்ன பண்றது" என்கிறார். ஃபேனை நிறுத்தினோம். வேர்த்து ஊற்றியது. பிறகு அம்பின் மேல் டாக்டரின் கார் சாவியை வைத்தோம், ஃபேனைப் போட்டோம். இதையும் ஒரு விதியாக எழுதிவிடுங்கள், காற்றை நிறுத்தக் கார் சாவி ஒன்று தேவை என்று.

இதெல்லாம் சில்லறைக் குறைகள், ஒட்டுப் போட்டுச் சரி செய்துவிடலாம். நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது பதினேழாம் பக்கம் மூன்றாம் விதிக்காக. அதை அப்படியே இங்கே எழுதுகிறேன், எழுதியவர் நீங்கள் என்பதை நீங்களே ஒரு தடவை உணர்வதற்காக: "ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும், முன்னணியில் இருப்பவர் தமக்கு விருப்பமான கூட்டாளியைத் தேர்ந்தெடுத்து எதிரில் அமர்த்திக்கொள்வார்." இதற்குத் துணையாக ஒன்பதாம் பக்கத்தில் இன்னொரு வேலையும் செய்து வைத்திருக்கிறீர்கள், ஆளுக்கொரு படகு, அவரவர் பிடித்த பிடிக்கு, அதில் விழுந்த சீட்டுகளின் புள்ளிக் கணக்கில், அவரவர் படகு நகரும். பழைய ஆட்டத்தில் ஜோடிக்கு எத்தனை பிடி என்றுதான் எண்ணுவோம். அதில் என் பிடி எத்தனை, அவள் பிடி எத்தனை என்று யாரும் கேட்டதில்லை, கேட்கவும் அவசியமில்லாமல் முப்பத்தொரு வருடம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த இரண்டாம் ஞாயிறு முதல் சுற்றுக்குக் குலுக்கிப் போட்டதில் உங்கள் அத்தையும் டாக்டரும் ஒரு ஜோடி ஆனார்கள், நானும் மைத்துனரும் ஒரு ஜோடி. சரி, ஒரு சுற்றுதானே என்று உட்கார்ந்தேன். இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அச்சில் ஏற்ற வேண்டாம். நானும் அத்தையும் ஆடும்போது எங்களுக்குள் ஒரு சின்ன தகவல் தொடர்பு உண்டு. நான் இடது காதைத் தொட்டால் என்னிடம் துருப்பு நிறைய என்று அர்த்தம், வலது காதைத் தொட்டால் ராஜா இருக்கிறது என்று அர்த்தம். நான்தான் கண்டுபிடித்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அன்றைக்குக் கையில் காற்றுச் சீட்டு ஆறு வந்தது, பழக்க தோஷம், கை தானாக இடது காதுக்குப் போய்விட்டது. எதிர் ஜோடியில் இருந்த உங்கள் அத்தை நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தன் பெரிய காற்றுச் சீட்டுகளை ஒன்றன் பின் ஒன்றாக இறக்கி என்னிடமிருந்த காற்றை முழுவதும் வாங்கிவிட்டாள், நான் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். "இது அநியாயம், நான் தொட்டது உனக்கில்லை" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே விளங்கியது.

டாக்டர் ரொம்ப மரியாதையாக, "சார், இடது காது துருப்பு, வலது காது ராஜா, இது எங்களுக்கு எப்பவோ தெரியும்" என்றார்.

மைத்துனர், "மூக்கைச் சொறிஞ்சா தப்பான சீட்டு இறக்கிட்டீங்கன்னு அர்த்தம் மாப்பிள்ளை. அது உங்களுக்கே தெரியாது" என்றார்.

"அப்ப நான் சொல்றதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சும் இத்தனை வருஷமா நாங்க எப்படி ஜெயிச்சோம்?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே. இரண்டு பேரும் உங்கள் அத்தை பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குனிந்து சீட்டை இனம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள், காதில் விழாதவள் மாதிரி.

அன்றைய முடிவை எழுதுகிறேன், நீங்கள் எப்படியும் ஆட்ட முடிவுகளைக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அத்தை நாற்பத்தொரு புள்ளி. டாக்டர் இருபத்தொன்பது. மைத்துனர் இருபத்தாறு. உங்கள் மாமனார் பதினொன்று. மாப்பிள்ளை, ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் முடிந்து கோப்பை கழுவும்போது அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்த ராணியை ஏன் பிடித்து வைத்திருந்தாய், இந்த ஒன்பதை ஏன் வீசினாய் என்று அரை மணி நேரம் விளக்கம் சொன்னவன் நான். முப்பத்தொரு வருடம். "ம்" கொட்டிக்கொண்டே கழுவுவாள். அன்றைக்கும் போய் நின்றேன், கோப்பையை மட்டும் துடைத்து வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதுகூடப் பரவாயில்லை. முன்னணியில் இருப்பவர் தேர்ந்தெடுக்கலாம் என்று எழுதி வைத்தீர்களே, முன்னணியில் இருப்பது எப்போதும் அவள்தான். இரண்டாம் ஞாயிறு நாலு தடவை தேர்ந்தெடுத்தாள்: டாக்டர், அண்ணா, டாக்டர், அண்ணா. மூன்றாம் ஞாயிறு நாலு தடவை: அண்ணா, டாக்டர், டாக்டர், டாக்டர். ஆக எட்டு. எட்டில் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் நான் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவதும், "டாக்டர், நீங்க வாங்க" என்று அவள் சொல்வதும், நான் தண்ணீர் குடிக்க எழுந்தவன் மாதிரி நாற்காலி மாறுவதும் எனக்கே சகிக்கவில்லை. என்னோடு ஜோடி சேர வேண்டிய ஆளுக்கு, அவள் தேர்ந்தெடுத்தவர் தோளில் தட்டி ஆறுதல் சொல்கிறார். என் முன்னாலேயே தட்டுகிறார்கள்.

போன ஞாயிறு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் போய்க் கேட்டே விட்டேன். "எட்டு தடவைல ஒரு தடவை என்னைக் கூப்பிட்டா என்ன?" என்றேன். கோபமாகத்தான் கேட்க நினைத்தேன், குரல் அப்படி வரவில்லை.

"கூப்பிட்டா உங்க கையையும் சேத்து நான்தானே ஆடணும்" என்றாள். கோபமே இல்லை. ஒரு போர்வையின் முனையை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். "நீங்க காதைத் தொடுவீங்க, அது அவங்களுக்கும் தெரியும்னு எனக்குத் தெரியும், அதுக்கேத்த மாதிரி நான் ஒண்ணு பண்ணணும், அப்புறம் நீங்க ராஜாவைத் தேவையில்லாத இடத்துல போடுவீங்க, அதையும் நான் சரிக்கட்டணும். இப்ப என் கையை மட்டும் ஆடறது எவ்வளவு லேசா இருக்கு தெரியுமா?"

போர்வையை நாலாக மடித்து அவளிடம் கொடுத்தேன். மனசு கஷ்டமாக இருந்தது, மாப்பிள்ளை. மறைக்காமல் சொல்கிறேன், பயமாகவும் இருந்தது. இத்தனை நாளும் அவள் என் எதிரில் உட்கார்ந்தது எங்கள் வீட்டு வழக்கம், வேறு நாற்காலி கிடையாது, அதனால் உட்கார்ந்தாள். நீங்கள் வேறு நாற்காலி கொடுத்தீர்கள், போய்விட்டாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

இப்போது உங்களைப் பற்றி ஒரு சந்தேகம். கல்யாணமான புதிதில் ஆறு மாதம் இங்கே ஞாயிறுதோறும் வந்து ஆட்டம் பார்த்தீர்கள். யோசித்துப் பார்க்கிறேன், ஒரு நாளாவது என் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்தீர்களா? அத்தை நாற்காலிக்குப் பின்னால்தான். நான் அதை மாமியார் மேல் மரியாதை என்று நினைத்து எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கை முழுவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆளுக்கொரு படகு என்ற யோசனை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. புரிந்ததால் கோபம் குறையவில்லை, கூடியிருக்கிறது.

ஆகவே என் கோரிக்கை இதுதான். பதினேழாம் பக்கம் மூன்றாம் விதியின் கீழ், கொட்டை எழுத்தில், பின்வரும் வாசகத்தைச் சேர்க்க வேண்டும்: "ஆடுபவர்களில் கணவன் மனைவி இருப்பின், எல்லாச் சுற்றுகளிலும் அவர்களே ஜோடி. இதை மாற்ற எவருக்கும் அதிகாரமில்லை." விளையாட்டு கெட்டுவிடும் என்று சொல்வீர்கள். கெடட்டும். லிஃப்டில் எட்டு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று எழுதி வைத்தால் ஒன்பதாவது ஆளுக்கு மனத்தாங்கல்தான், அதற்காக எழுதாமல் விடுகிறோமா? இருபத்தைந்தாம் தேதிக்கு முன் இது நடந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியின் மேல் "ஆடிப் பார்த்து உதவியவர்கள்" என்று போடுவதாகச் சொன்னீர்களே, அதில் என் பெயர் வரக்கூடாது.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்காமல் மத்தியானம் கொஞ்சம் படுங்கள். மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம். நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, ஒரே ஜோடியாக, நடுவில் குலுக்கலோ தேர்தலோ எதுவும் இல்லாமல் நெடுங்காலம் வாழ என் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், தபாலில் போடுவதற்குள் நாலாவது ஞாயிறு வந்துவிட்டது. ஓரத்தைக் கத்தியால் பிரித்து இதைச் சேர்க்கிறேன். மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். பதினேழாம் பக்கத்தைத் தொட்டுவிடாதீர்கள்.

நேற்று நாலு சுற்று முடிந்தபோது உங்கள் அத்தை பத்து புள்ளி முன்னால் இருந்தாள். கடைசிச் சுற்று. டாக்டர் எழுந்து நாற்காலியையே தூக்கிவிட்டார். அவள் அவரை உட்காரச் சொன்னாள். "என்னங்க, நீங்க எதிர்ல வந்து உக்காருங்க" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"நல்லா யோசிச்சுக்குங்கம்மா, பத்து புள்ளி முன்னால இருக்கீங்க" என்றார் டாக்டர்.

"ஜெயிக்கறதுக்கு நீங்க ரெண்டு பேர் போதும் டாக்டர். மூணு வாரமா கோச்சுக்கறதுக்கு ஆள் இல்லாம ஆட்டம் சப்புன்னு இருக்கு" என்றாள்.

தோற்றோம். சாதாரணத் தோல்வி இல்லை, பதிமூன்று பிடியில் மூன்றுதான் எங்களுக்கு. துறைமுக அதிகாரியை நான் கொண்டுபோய்ப் போட்ட இடம் அப்படி. அவள் முதலிடத்தை டாக்டரிடம் விட்டாள். பிறகு கோப்பை கழுவும்போது, அந்த ராஜாவை யாருக்காக அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தீர்கள், அந்த ஏழு எதற்கு என்று ஆரம்பித்தாள், முக்கால் மணி நேரம். ஒவ்வொரு சீட்டும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, மாப்பிள்ளை. நான் துடைத்துக்கொண்டே "ம்" கொட்டினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை.

நான் கேட்ட வாசகத்தை நீங்கள் அச்சடித்திருந்தாலும் அவள் என் எதிரில் உட்கார்ந்திருப்பாள். முப்பத்தொரு வருடமாக உட்கார்ந்துகொண்டுதானே இருந்தாள். ஆனால் கூப்பிட்டு உட்கார வைப்பாளா என்பது எனக்கு நேற்று வரை தெரியாது. அந்த விதி அப்படியே இருக்கட்டும். என் பெயரையும் பெட்டி மேல் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு குறைதான் பாக்கி, இதை மட்டும் அச்சுக்கு முன் சரி செய்ய வேண்டும். இன்றைக்குத் திங்கட்கிழமை. டாக்டர் கிளினிக்கில் இருக்கிறார், மைத்துனர் கடையில் இருக்கிறார். இங்கே பலகையை விரித்து, அம்பின் மேல் வீட்டுச் சாவியை வைத்துவிட்டு, உங்கள் அத்தை சீட்டைக் கலைத்துக்கொண்டிருக்கிறாள். விதிப் புத்தகத்தில் நாலு பேர் இல்லாமல் ஆட முடியாது என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டு பேர் மட்டும் ஆடுவதற்கு ஒரு விதி எழுதி, தபாலுக்குக் காத்திராமல், உடனே ஃபோனில் சொல்லவும்.